நறுமுகை அழாத நாட்கள்

ஜூன் 12, புதன்

லென்ஸ் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி. புத்தாண்டிலிருந்து என் கண்ணாடிக்கடை மேசையில் சும்மா கிடந்தது. வீட்டில் பேச ஆள் இல்லாததால்தான் இன்று கையில் எடுத்தேன் போலிருக்கிறது.

மகள் நறுமுகையை இன்று ப்ளே ஸ்கூலில் சேர்த்தேன். எங்கள் உறையூர் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி. முன்னால் கொஞ்சம் மணல் போட்ட இடம், உள்ளே பெரிய கூடம் ஒன்று. ஷமீமா மிஸ் நடத்துகிறார், முப்பத்தைந்து வயது இருக்கும். "பாப்பாவோட அம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டார். "ஊருக்குப் போயிருக்கா" என்றேன்.

மேகலை ஊருக்குப் போகவில்லை. எஸ்.ஐ. பரீட்சையில் தேறி, செங்கல்பட்டுப் பக்கம் போலீஸ் பயிற்சியில் இருக்கிறாள். ஒரு வருஷம். போய்ப் பத்து நாள் ஆகிறது. அதை மிஸ்ஸிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்கே தெரியவில்லை.

மிஸ் பொம்மை காட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பின்பக்கமாக நழுவி வந்துவிட்டேன். தெருமுனை திரும்பும்வரை நறு அழுகிற குரல் கேட்டது. கடையைத் திறந்து இரண்டு ஃப்ரேம் விற்றேன். மதியம் போன் வந்தது. அழுது அழுது வாந்தி எடுத்துவிட்டாளாம். போய்த் தூக்கினால் கழுத்தைக் கட்டிய கையை எடுக்கவேயில்லை. வீட்டுக்கு வந்தும் விம்மல் நிற்கவில்லை. ஒரு நிமிட வீடியோ எடுத்து மேகலைக்கு அனுப்பினேன். அங்கே ஞாயிறு மாலை மட்டும்தான் போனைக் கையில் கொடுப்பார்கள். அன்றைக்குப் பார்ப்பாள். பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா.

ஜூன் 13, வியாழன்

குளியலறைக் கதவைச் சாத்த விடமாட்டேன் என்கிறாள். திறந்து வைத்துக்கொண்டே குளித்தேன். கேஸ் தீர்ந்துவிட்டது. புக் பண்ண வேண்டும்.

ஜூன் 16, ஞாயிறு

மேகலை பேசினாள். வீடியோவைப் பார்த்துவிட்டு அழுதாள். "எம்புள்ள இப்படி அழுது நான் பாத்ததே இல்லங்க" என்றாள். நறு போனைப் பிடுங்கித் திரையைத் தடவிக்கொண்டே இருந்தாள். வைக்கும் நேரத்தில் மேகலை, "பேசாம விட்டுட்டு வந்துடட்டுமா?" என்று கேட்டாள்.

முடிவெடுக்க வேண்டியவள் அவள். நான் எதற்குக் குறுக்கே சொல்ல வேண்டும்?

ஜூன் 19, புதன்

ஷமீமா மிஸ்ஸிடம் திட்டு வாங்கினேன். திட்டு என்று சொல்ல முடியாது, ஆனால் மற்ற பெற்றோர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சார், சொல்லாம போகாதீங்க. அன்னைக்கு அவ பொம்மையைப் பாத்துட்டுத் திரும்பினா, நீங்க இல்ல. இப்போ எந்தப் பொம்மையைக் காட்டினாலும் பாக்கமாட்டேங்குறா. திரும்பினா அப்பா காணாமப் போயிடுவாருன்னு இருக்கு அவளுக்கு."

"சொல்லிட்டுப் போனா இன்னும் அழுவாளே மிஸ்?"

"அழட்டும். அழுறது வேற, ஏமாறுறது வேற."

இதுபோல் பிரிய முடியாமல் அழுகிற பிள்ளைகளுக்கென்று வகுப்புக்கு முன்னால் அரைமணி நேரம் விளையாட்டு வைக்கிறாராம். அப்பாவோ அம்மாவோ கூட வர வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்க்கக் கூடாது, சேர்ந்து ஆட வேண்டும். வாயால் சொன்னால் மூன்று வயசுக்கு ஏறாது, ஓடி, குதித்து, போய், திரும்பி வந்து உடம்பாலேயே பழக வேண்டும் என்றார்.

நாளையிலிருந்து போக வேண்டும். கடை திறக்கத் தாமதமாகும்.

ஜூன் 20, வியாழன்

மூன்று அம்மாக்கள், நான் ஒருத்தன் ஆண். வட்டமாக நின்றோம். யானை மாதிரி தொம் தொம்மென்று மிதித்து நடக்கச் சொன்னார்கள். அப்புறம் நண்டு மாதிரி. அப்புறம் தவளை மாதிரி கேட்டிலிருந்து கூடம் வரை தாவ வேண்டும். ஒரு அம்மா புடவையைச் சொருகிக்கொண்டு தாவினார். நான் நறுவின் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"சார், நீங்க நிக்கிறீங்க, அவளும் நிக்கிறா பாருங்க" என்றார் மிஸ்.

நின்றுகொண்டுதான் இருந்தாள், என் பேண்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினேன். ஒரு தாவல் தாவினேன். முழங்கால் சடசடவென்றது. அந்த நேரம் பார்த்து கேட்டைத் தாண்டி ரங்கநாதன் சார் போனார், பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், என் கடைக்கு வாடிக்கை. நின்று பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

சாயங்காலம் மூக்கில் உறுத்துகிறது என்று கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார். "என்னப்பா, காலையில ட்ரெயினிங்கா? வீட்டுக்காரம்மா அங்க, நீ இங்கயா?" என்று சிரித்தார். "இனிமே வீட்டுக்குள்ள போறப்ப சல்யூட் அடிச்சுட்டுத்தான் போகணும்." அவருக்கு எப்படித் தெரியும்? கடை இருக்கிற சாலை ரோட்டுக்கே தெரிந்திருக்கிறது போல.

நானும் சிரித்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

மேகலையின் குரல் கட்டியிருந்தது. காலையிலிருந்து ஓட்டமாம், கத்திக் கத்திக் கமாண்ட் கொடுக்கப் பழகுகிறாளாம். இரண்டு வீடியோ அனுப்பியிருந்தேன். "பாத்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஜூன் 26, புதன்

இன்று புது விளையாட்டு. இது எனக்குப் பிடித்திருந்தது, எழுதி வைக்கிறேன்.

"இவ்வளவு நாளா நீங்கதான் போறீங்க, அவ நிக்கிறா. இன்னைக்கு மாத்துவோம். நீங்க அசையக் கூடாது. அவ போகட்டும்" என்றார் மிஸ்.

நான் கூடத்தின் இந்தச் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தேன். நறு எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டு ஓடி வர வேண்டும். முதலில் இரண்டடி போய்த் திரும்பிவிட்டாள். நான் அப்படியே இருந்தேன். மறுபடி போனாள், கொஞ்சம் கூட. நான் அப்படியே இருந்தேன். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிச் சுவரை அறைந்துவிட்டு, வந்து என் மடியில் தொப்பென்று விழுந்தாள். அவள் இதயம் குருவி மாதிரி அடித்துக்கொண்டது. "அப்பா இருக்கே!" என்றாள், பெரிய அதிசயம் போல. இருக்கேன்டா என்றேன்.

திரும்பத் திரும்ப ஓடினாள். கடைசியில் கதவுக்கு வெளியே மணல்வரை ஓடி, நான் கண்ணில் படாத இடத்தைத் தொட்டுவிட்டு வந்தாள். கத்திச் சிரித்தாள். மேகலை போனபிறகு அந்தச் சிரிப்பை இன்றுதான் கேட்கிறேன்.

இதை வீடியோ எடுக்கத் தோன்றவில்லை. ஆடிக்கொண்டிருக்கும்போது எப்படி எடுப்பது.

ஜூலை 3, புதன்

இன்று நறு அழவில்லை. தவளையாகத் தாவிக்கொண்டே வகுப்புக்குள் போய்விட்டாள். வாசலில் திரும்பி, "அப்பா, டாட்டா, நீ கடைக்குப் போ" என்றாள். மிஸ் கை தட்டினார்.

சந்தோஷம்.

கடையில் வேலை ஓடவில்லை. ஒரு லென்ஸை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டேன்.

ஜூலை 4, வியாழன்

அழவில்லை.

ஜூலை 5, வெள்ளி

அழவில்லை. வீட்டில் தட்டைக் கழுவி வைத்தேன், துணி காயப்போட்டேன், நறு பக்கத்தில் நண்டு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன்.

போன வருஷம் இந்த மாதமெல்லாம் மேகலையை மைதானத்துக்குக் கூட்டிப்போவேன். அவள் ஓடுவாள், நான் போனில் நேரம் பார்ப்பேன். நானும் முன்பு இரண்டு தடவை எஸ்.ஐ. பரீட்சை எழுதியவன். இரண்டு தடவையும் ஓட்டத்தில் போயிற்று. அவளுக்கு முதல் தடவையிலேயே கிடைத்துவிட்டது. நல்ல மனசோடுதான் நேரம் பார்த்தேன். கிடைக்காது என்ற நினைப்பில் பார்த்தேனோ என்னவோ.

ஜூலை 7, ஞாயிறு

மேகலை பேசும்போது நறு போனிடமே வரவில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் தாவிக்கொண்டிருந்தாள். மேகலைக்கு ஒரே சந்தோஷம். "இப்பல்லாம் அழுறது இல்லையா? இந்த வாரம் வீடியோவும் வரலையே!" என்றாள். அவள் அணியில் ஓட்டத்தில் அவள்தான் முதலாம். இன்ஸ்பெக்டர் மேடம் எல்லோர் முன்னாலும் பேர் சொல்லிப் பாராட்டினாராம். குரலே மாறியிருந்தது. வேறு யாரோ பேசுவது மாதிரி இருந்தது.

"ஸ்கூல்ல அழலை. ராத்திரியில அழறா" என்றேன்.

"ராத்திரியிலயா?" என்றாள்.

ராத்திரியில் ஒருநாள் அழுதாள்தான். போன மாதம்.

ஜூலை 9, செவ்வாய்

டிபன் பாக்ஸைக் கொடுக்க மறந்துவிட்டேன். பாதி வழியில் நினைவு வந்து திரும்பிப் போனேன். நறு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து களிமண் உருட்டிக்கொண்டிருந்தாள். "நறு" என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்ததும் முகம் கோணி அழ ஆரம்பித்துவிட்டாள். வெளியே கூட்டிவந்து வாசலில் நிறுத்தினேன், உள்ளே வெளிச்சம் போதவில்லை. கொஞ்சம் வீடியோ எடுத்தேன்.

டிபன் பாக்ஸை ஸ்கூல் ஆயாவிடமே கொடுத்திருக்கலாம்.

ஜூலை 10, புதன்

தண்ணீர் பாட்டில் விட்டுப் போயிற்று. திரும்பிப் போனேன்.

ஜூலை 11, வியாழன்

"ரெண்டு நாளா ஏன் சார் திரும்பித் திரும்பி வர்றீங்க?" என்று கேட்டார் மிஸ். "நல்லா வந்துட்டிருந்தா. உங்களைப் பாத்ததும் மறுபடி ஆரம்பிச்சுட்டா. ஏதாவது விட்டுப்போனா எனக்கு போன் பண்ணுங்க, ஆயாவை அனுப்புறேன்."

சரி என்றேன். மறதி அதிகமாகிவிட்டது, தூக்கம் சரியில்லை என்றேன். மிஸ் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

ஜூலை 12, வெள்ளி

சுவரைத் தொடும் விளையாட்டு. நறு பாதிதூரம் ஓடினாள், நின்றாள், திரும்பிப் பார்த்தாள். இரண்டடி போனாள், திரும்பிப் பார்த்தாள். போன வாரம் திரும்பியே பார்க்காமல் ஓடியவள். சுவரைத் தொடாமலே வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகள் மணல்வரை ஓடிக்கொண்டிருந்தார்கள்.

காலரில் பட்டன் பிய்ந்துவிட்டது. தைக்க வேண்டும்.

ஜூலை 14, ஞாயிறு

மேகலை போனில் பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"என்னால முடியலைங்க. நேத்து கிரவுண்டுல மயங்கி விழுந்துட்டேன். ராத்திரியில அழுவான்னு நெனச்சு நெனச்சு நானும் தூங்குறது இல்ல. இப்ப இந்த ரெண்டு வீடியோ. கண்ணெல்லாம் வீங்கிப்போய்… விலகிக்கிறேன்னு எழுதிக் குடுக்கப் போறேன். மேடம்கிட்ட சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை வரைக்கும் யோசின்னாங்க. யோசிக்க என்ன இருக்கு? வந்துடுறேன்."

"உன் இஷ்டம்" என்றேன்.

அதற்குப் பிறகு தோசை வார்த்தேன். நறுவுக்கு ஊட்டினேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். பல நாளுக்குப் பிறகு நல்ல தூக்கம்.

ஜூலை 15, திங்கள்

எழுத உட்கார்ந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்திருக்கிறேன்.

காலையில் வழக்கம்போல் வட்டம். "இன்னைக்குப் பசங்கதான் அப்பா, அம்மா. நாமெல்லாம் பாப்பா" என்றார் மிஸ். பெரியவர்கள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அழுவது போல் நடிக்க வேண்டும். பிள்ளைகள் எங்களை விட்டுவிட்டு வேலைக்குப் போய், மணலை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வர வேண்டும். எல்லோருக்கும் குஷி. ஒரு பையன் அவன் அம்மா நெற்றியில் முத்தம் கொடுத்து, "சமத்தா இரு, பிஸ்கட் வாங்கியாறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினான். அம்மாக்கள் சிரித்துச் சிரித்து அழுதார்கள்.

நறுவின் முறை வந்தது. நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு ங்ஙே என்றேன். அவள் ஓடவில்லை. மூலையில் கிடந்த மரக்கட்டை ஒன்றை எடுத்து வந்தாள். என் எதிரில் நின்று, கட்டையை இரண்டு கையாலும் என் முகத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தாள்.

"இன்னும் அழு" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"கண்ணத் துடைக்காத. இன்னும் கொஞ்சம் அழு. அம்மா பாக்கணும்ல? அம்மா வந்துடும்ல?"

என் குரல்தான். "பாக்கணும்ல" என்று நான் இழுக்கிற இழுப்புகூட அப்படியே. சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. பிஸ்கட் வாங்கப்போன பையன் மட்டும் திரும்பி ஓடி வந்து அவன் அம்மா மேல் விழுந்தான். அந்த அம்மா அவனை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அழுவது போல் வைத்திருந்த முகத்தை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நறு கட்டையைத் தட்டினாள். "அனுப்பியாச்சு" என்றாள்.

மிஸ் வந்து அவளைத் தூக்கிக்கொண்டார். பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"எவ்வளவு நாளா சார்?"

நான் எழுந்து பேண்ட்டைத் தட்டினேன்.

"நாங்க இங்க ஒவ்வொரு நாளும் அவளை ஓரடி ஓரடியா நடக்க வைக்கிறோம். நீங்க வெளியில நின்னு இழுத்துட்டு இருந்திருக்கீங்க. நாளையிலேர்ந்து நீங்க உள்ள வர வேண்டாம். கேட்ல விட்டுட்டுப் போங்க. நான் பாத்துக்கிறேன்."

போன செவ்வாய்க்கிழமையும் புதன்கிழமையும் வாசலில் வைத்து அப்படிச் சொன்னது உண்மை. அதற்கு முன்னால் வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். இந்த டைரியில் எழுதவில்லை. யாரும் படிக்கப்போவதில்லை, இருந்தும் எழுதவில்லை.

முதல் நாள் அழுகைக்கு நான் எதுவும் செய்யவில்லை. மற்றதெல்லாம் நான் செய்தது.

ஜூலை 16, செவ்வாய்

கேட்டில் விட்டேன். நறு என்னைப் பார்த்தாள், உள்ளே பார்த்தாள். மிஸ் கையை நீட்டினார். போனாள். மற்ற அம்மாக்கள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னிடம் பேசவில்லை. முன்பு தவளையாகத் தாவ வெட்கப்பட்டேனே, இன்று அந்த வட்டத்தில் உட்கார ஒரு இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.

பயிற்சிக் கல்லூரி ஆபீசுக்கு போன் செய்தேன். குடும்ப விஷயம், அவசரம் என்றேன். "யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். இல்லை என்றேன். "அப்ப ஞாயித்துக்கிழமை பேசுங்க."

வெள்ளிக்கிழமை அவள் எழுதிக் கொடுத்துவிடுவாள். நான் சும்மா இருந்தால் போதும், நினைத்தது நடந்துவிடும். இதை மதியம் முழுவதும் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

நாளைக்கு ஸ்கூல் லீவு. நறுவையும் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் போகிறேன்.

ஜூலை 18, வியாழன்

நேற்று நடந்தது.

பயிற்சிக் கல்லூரி கேட்டில் இருந்த காவலர் விடவில்லை. ஞாயிறு மட்டும்தான் பார்க்கலாம் என்றார். நறு பஸ்ஸில் வாந்தி எடுத்த சட்டையோடு என் தோளில் கிடந்தாள். ஒரு மேடம் ஜீப்பில் வந்தார், எங்களைப் பார்த்து நிறுத்தினார். யார் என்று கேட்டார். மேகலை பேரைச் சொன்னேன். "அந்த ஓட்டக்காரப் பொண்ணா?" என்றார். பதினைந்து நிமிடம் கொடுத்தார்.

ஒரு வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். மேகலை வெள்ளை பனியனும் காக்கி பேண்ட்டுமாக ஓடி வந்தாள். கறுத்து, கன்னம் ஒட்டி, தொப்பி வைத்திருந்தாள். நறுவுக்கு அடையாளம் தெரியவில்லை. என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். மேகலை தொப்பியைக் கழற்றி மண்ணில் போட்டுவிட்டு மண்டியிட்டாள். அப்போதும் நறு வரவில்லை. மேகலையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை எழுதிக் குடுக்காத" என்றேன்.

"ஏன்?"

"அந்த வீடியோவெல்லாம் நான்தான் அழவெச்சு எடுத்தேன். முத நாளோடது மட்டும் நிஜம். அவ இப்ப ஸ்கூல்ல அழுறது இல்ல. ராத்திரியிலயும் அழுறது இல்ல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. என்னைப் பார்த்தாள், நறுவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அழவெச்சா? எப்படி அழவெச்சீங்க?"

சொன்னேன். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், வாசல் வெளிச்சம். எல்லாம்.

"எனக்கு வேலை கிடைச்சது உங்களுக்குப் புடிக்கலையா?"

"அப்படி இல்ல…"

"அப்புறம்?"

"கடைக்கு வர்றவனெல்லாம் கேலி பண்றான். வீட்டுல சல்யூட் அடிக்கிறியான்னு…"

வாயை விட்டு வெளியே வந்தபிறகுதான் அது எவ்வளவு சின்ன விஷயம் என்று தெரிந்தது. பஸ்ஸில் ஆறு மணி நேரம் யோசித்து வந்த காரணமெல்லாம் எங்கே போயிற்றோ, இதுதான் வந்தது.

"அதுக்கா?" என்றாள். சத்தம் போடவில்லை. "யாரோ ஒருத்தர் சிரிச்சதுக்கு எம்புள்ளைய அழவெச்சீங்களா? கிரவுண்டுல நேரம் பாத்துச் சொன்னீங்களே, இன்னும் கொஞ்சம் வேகமா ஓடு, இன்னும் கொஞ்சம்னு. அந்த ஆளைத்தான் நம்பி விட்டுட்டு வந்தேன்."

நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் நறு மெதுவாக வெளியே வந்திருந்தாள். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தாள், மூக்குவரை இறங்கியது. "நான் தவளை" என்றாள். ஒரு தாவு தாவினாள். மேகலை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நானும் தவளை" என்றாள். அப்படியே குந்தி அந்தச் செம்மண் தரையில் தாவினாள். என்னைப் போல முழங்கால் சத்தமெல்லாம் இல்லை. ஒரே தாவலில் நறுவைத் தாண்டிப் போனாள். நறு கத்திச் சிரித்தாள். இரண்டு பேரும் மரத்தைச் சுற்றித் தாவினார்கள். மேகலை வேண்டுமென்றே தோற்றாள், விழுந்தாள், நறு அவள் மேல் விழுந்தாள். பிறகு அவள் கழுத்தை மோந்து பார்த்துவிட்டு, "அம்மா" என்றாள். கேட் காவலர் எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.

விசில் ஊதினார்கள். மேகலை நறுவை என்னிடம் கொடுத்தாள், என் விரல் படாமல்.

"அம்மா ஓடிட்டு வருவேன், சரியா? தீபாவளிக்கு வருவேன்" என்று நறுவிடம் சொன்னாள். என்னிடம், "ஞாயித்துக்கிழமை போனை அவகிட்ட குடுங்க. உங்ககிட்ட பேச எனக்கு எதுவும் இல்ல" என்றாள். திரும்பி ஓடினாள். நறு கொஞ்சம் அழுதாள். தட்டிக் கொடுத்தேன். பஸ்ஸில் தூங்கிவிட்டாள்.

வீடியோக்களை அழித்துவிட்டேன். என் போனில் மட்டும். அவள் போனில் எல்லாம் இருக்கும்.

ஜூலை 21, ஞாயிறு

போனை நறுவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். பேசி முடித்ததும் மேகலை வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ரங்கநாதன் சார் வந்தார். "என்னப்பா, போலீஸ்கார அம்மா எப்படி இருக்காங்க?" என்றார். "நல்லா இருக்கா சார். ஓட்டத்துல அவதான் ஃபர்ஸ்ட்" என்றேன். "அப்படியா, பேஷ் பேஷ்!" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு போனார். அவ்வளவுதான். இவ்வளவுதான் அவருக்கு அதில் இருந்திருக்கிறது.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நறு ஸ்கூலில் ஒருநாளும் அழுவதில்லை. நான் கேட்டிலிருந்து பார்க்கிறேன். அவளும் மிஸ்ஸும் யானை மாதிரி போகிறார்கள்.

செப்டம்பர் 11, புதன்

ஷமீமா மிஸ் கேட்டுக்கு வந்தார். புதிதாக இரண்டு பிள்ளைகள், ஒன்றுக்கு அப்பா மட்டும்தான் வருகிறார், அவர் சுவரோரமே நிற்கிறாராம். "உள்ள வாங்க. நீங்க ஆடினா அவரும் ஆடுவாரு."

"எனக்கு அந்தத் தகுதி இல்ல மிஸ்."

"தகுதியை நான் கேக்கல. ஆள் இல்ல, அதான் கூப்பிடுறேன். போனை வெளியில வெச்சுட்டு வாங்க."

போனை அலமாரியில் வைத்துவிட்டு உள்ளே போனேன். அம்மாக்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். மரியாதைக்கா, ஒதுங்கவா என்று கேட்டுக்கொள்ளவில்லை. தாவினேன். நறு, "எங்க அப்பா" என்று பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னாள். குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு தாவினேன்.

அக்டோபர் 30, புதன்

மேகலை வந்தாள். மூன்று நாள் லீவு. நறு அவள் மேலிருந்து இறங்கவேயில்லை. நான் பலகாரம் வாங்கி வந்து, சமைத்து, துணி துவைத்துப் போட்டேன். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். அது ஒன்றுதான் என்னிடம் பேசியது. உப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினேன்.

நவம்பர் 2, சனி

பகல் பஸ்ஸுக்கு சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். தீபாவளி முடிந்த கூட்டம். மேகலை ஜன்னலோர சீட் பிடித்தாள். நறுவிடம் எல்லாம் சொன்னாள்: அம்மா இப்போ போறேன், ஞாயித்துக்கிழமை பேசுவேன், பொங்கலுக்கு வருவேன். நறு தலையை ஆட்டினாள். பஸ் உறுமியதும் அந்தத் தைரியமெல்லாம் போய்விட்டது. அடிவயிற்றிலிருந்து அழுதாள். முதல் நாள் அழுத அதே அழுகை. பிளாட்பாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் மேகலையைப் பார்த்தேன். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். நறுவின் முகத்தைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். இல்லை. என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டைப் பையில் போன் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. அந்தக் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நறுவின் முதுகில் கையை வைத்தேன். தட்டக்கூட இல்லை. அழட்டும் என்று விட்டேன். அவள் என் கழுத்தில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதாள், சட்டை நனைந்தது. பஸ் பின்னால் வந்து, திரும்பி, வாசலைத் தாண்டுகிறவரை மேகலை என் கையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.